மனத்திலுள்ள கணிப்பை அளக்கும் பொருளாதாரம்: இதில் ஆய்வாளர் ஆவது எப்படி?

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாதி, பாலினம், இனம் பற்றி மக்கள் மனத்தில் இருக்கும் எண்ணங்கள் ஒருவருடைய வேலையையும் மதிப்பெண்ணையும் எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய ஆசை. இது பொருளாதாரத்தில் வருமா, சமூகவியலுக்கு மாற வேண்டுமா? இதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் அன்றாடம் என்ன செய்கிறார்கள், எத்தனை வருடம் ஆகும்?

பதில்:

வரும். துறை மாறத் தேவையில்லை. ஆனால் பொருளாதாரத்துக்குள் வந்ததும் உங்கள் கேள்வி வேறு வடிவம் எடுக்கும். "பாகுபாடு இருக்கிறதா?" என்பதோடு இங்கே யாரும் நிற்க மாட்டார்கள். "இருக்கிறது, சரி. அது வெறுப்பால் வருகிறதா, சரியான கணக்கால் வருகிறதா, தப்புக் கணக்கால் வருகிறதா? பிரித்து அளந்து காட்டு" என்பார்கள். இந்தத் துறையில் ஒருவர் பெயரெடுப்பது அந்தப் பிரிப்பை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதைப் பொறுத்துத்தான்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஆங்கிலக் கட்டுரைகளில் 'பிலீஃப்' என்று வருவதை 'நம்பிக்கை' என்று தமிழாக்கினால் கோயில் குளம்தான் நினைவுக்கு வரும். இவர்கள் சொல்வது கணிப்பு. "இந்தப் பெண் கணிதத் தேர்வில் தேற எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று கேட்டால் உங்கள் மனத்தில் எழும் எண் இருக்கிறதே, அது. 'ஸ்டீரியோடைப்' என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணிப்பை அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு ஆள் மீதும் குத்துவது. இங்கே அதை முத்திரை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

கேரி பெக்கர் 1957-இல் பாகுபாட்டைப் பொருளாதாரத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு முதலாளிக்குக் கறுப்பினத் தொழிலாளியோடு சேர்ந்து வேலை செய்யப் பிடிக்கவில்லை. அந்த ஒவ்வாமைக்காக அவர் லாபத்தில் கொஞ்சம் இழக்கவும் தயார். இதுதான் பெக்கரின் மாதிரி. 1972-இல் எட்மண்ட் பெல்ப்ஸ், அடுத்த ஆண்டு கென்னத் ஆரோ வேறொன்று சொன்னார்கள்: வெறுப்பே வேண்டாம், தனி ஆளைப் பற்றி முழுத் தகவல் இல்லாதபோது கூட்டத்தின் சராசரியை வைத்து முடிவெடுத்தாலே பாகுபாடு வந்துவிடும். 1993-இல் ஸ்டீபன் கோட், கிளென் லௌரி இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு கூட்டங்களும் ஆரம்பத்தில் சமமாகவே இருக்கட்டும். முதலாளி ஒரு கூட்டத்தைத் தாழ்வாகக் கணித்தால், "எப்படியும் எடுக்கப் போவதில்லை, எதற்குப் படிக்க வேண்டும்" என்று அவர்கள் முயற்சியைக் குறைப்பார்கள், கணிப்பு தானாகவே மெய்யாகிவிடும் என்று கணிதத்தில் காட்டினார்கள்.

கணிப்பை வைத்துப் பேசும் பின்னிரண்டு மாதிரிகளிலும் ஒரு பொதுவான அனுமானம் உண்டு: கணிப்பு கடைசியில் உண்மையோடு ஒத்துப்போகும் என்பது. அதை உடைத்தது 2016-இல் பெட்ரோ போர்தாலோ, கேத்தரின் காஃப்மன், நிக்கோலா ஜென்னையோலி, ஆந்த்ரே ஷ்லைஃபர் நால்வரும் எழுதிய கட்டுரை. அவர்கள் தரும் எளிய உதாரணம் ஐரிஷ்காரர்களின் தலைமுடி. செம்முடி என்றதும் அயர்லாந்துதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அங்கே செம்முடிக்காரர்கள் சுமார் 10 சதவீதம்தான். பத்தில் ஒன்பது பேருக்குச் செம்முடி கிடையாது. பிறகு ஏன் அந்த முத்திரை? உலக மக்கள்தொகையில் செம்முடி சுமார் 1 சதவீதம். பத்துக்கு ஒன்று என்ற அந்த விகிதம்தான் மனத்தில் தைக்கிறது. ஒரு கூட்டத்தில் அதிகமாக இருப்பது எது என்று மனம் பார்ப்பதில்லை, மற்ற கூட்டத்தோடு ஒப்பிட்டால் எது துருத்திக்கொண்டு தெரிகிறது என்று பார்க்கிறது. அதனால் முத்திரையில் ஒரு துளி உண்மை இருக்கும். அந்தத் துளி ஊதிப் பெருக்கப்பட்டிருக்கும். இரண்டு கூட்டங்களின் சராசரி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, உச்சியில் மட்டும் சிறு வேறுபாடு இருந்தால்கூடப் போதும், மனம் கூட்டத்தையே அந்த உச்சியை வைத்து எடைபோடும். கணிதமும் பெண்களும் பற்றிய முத்திரை இந்த வகை.

இனி ஏன் பிரித்து அளக்க வேண்டும் என்பதற்கு வருவோம். ஒரு மேலாளர் ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கிவைக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே செயல். ஆனால் காரணம் வெறுப்பு என்றால் மருந்து சட்டமும் அபராதமும். காரணம் சரியான சராசரிக் கணக்கு என்றால், தனி ஆளின் திறமையைக் காட்டும் தேர்வு, சான்று போன்றவை உதவும். காரணம் தப்புக் கணக்கு என்றால் சரியான எண்ணைக் காட்டினாலே மாற்றம் வர வாய்ப்புண்டு. மூன்றுக்கும் மூன்று மருந்து. நோயைப் பிரிக்காமல் மருந்து எழுத முடியாது.

புகழ்பெற்ற பயோடேட்டா ஆய்வுகளால் இதைப் பிரிக்க முடியாது. மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 பயோடேட்டாக்களை அனுப்பினார்கள். உள்ளடக்கம் ஒரே தரம். பெயர் மட்டும் வெள்ளையர் பெயர் அல்லது கறுப்பினத்தவர் பெயர். வெள்ளையர் பெயருக்குச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது (2004-இல் வெளியான கட்டுரை). இந்தியாவில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதே முறை: நாளிதழ் விளம்பரங்களுக்குத் தலித், முஸ்லிம், உயர்சாதி இந்துப் பெயர்களில் விண்ணப்பம். முடிவும் அதே திசை. பாகுபாடு இருக்கிறது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் மேலாளரின் மனத்தில் என்ன எண் ஓடியது என்று இந்த ஆய்வுகள் கேட்கவே இல்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் வேலை செய்யப் போகிறீர்கள்.

மனத்தில் உள்ள எண்ணை எப்படிக் கேட்பது? சும்மா கேட்டால் யோசிக்காமல் ஏதாவது சொல்வார்கள், அல்லது நல்ல பெயர் எடுக்கச் சொல்வார்கள். அதனால் சரியான கணிப்புக்குப் பணம் தருவது வழக்கம். பழைய முறையான வர்க்க விதியை (இங்கே வர்க்கம் என்பது கணிதத்தின் ஸ்கொயர்) கணக்கோடு பார்த்துவிடுவோம், இது தெரியாமல் இந்தத் துறைக் கட்டுரை ஒன்றையும் படிக்க முடியாது. கேள்வி: "அடுத்த விண்ணப்பதாரர் தேர்வில் சராசரிக்கு மேல் எடுத்திருப்பாரா? வாய்ப்பு எத்தனை?" 100 ரூபாய் கையில் கொடுத்துவிட்டு, பிழையின் வர்க்கத்தை நூறால் பெருக்கிக் கழிப்போம். நீங்கள் 70 சதவீதம் என்று சொல்லி, அவர் உண்மையில் அதிகம் எடுத்திருந்தால் பிழை 0.3, வர்க்கம் 0.09, உங்களுக்கு 91 ரூபாய். எடுக்கவில்லை என்றால் பிழை 0.7, வர்க்கம் 0.49, 51 ரூபாய். உங்கள் மனத்தில் உண்மையாகவே 70 சதவீதம்தான் இருக்கிறது என்றால், எதிர்பார்க்கக்கூடிய வரவு 0.7 × 91 + 0.3 × 51 = 79 ரூபாய். மிகைப்படுத்தி 90 என்று சொன்னால் 75 ரூபாய்தான். துணிந்து 100 என்றால் 70. ஆக, மனத்தில் இருப்பதை அப்படியே சொல்வதுதான் லாபம்.

இதில் எங்கே கோளாறு வரும்? 50 என்று சொன்னால் எது நடந்தாலும் 75 ரூபாய் நிச்சயம். ரிஸ்க் பிடிக்காதவர்கள் அந்த 75-ஐ நோக்கி நகர்வார்கள்; தரவில் எல்லாரும் 50-க்குப் பக்கத்தில் குவிந்து நிற்பார்கள். இதைத் தீர்க்கப் பணத்துக்குப் பதிலாக லாட்டரி வாய்ப்பைத் தரும் விதி வந்தது. கோட்பாட்டில் அது ரிஸ்க் மனப்பான்மையைத் தாண்டி வேலை செய்ய வேண்டும். ஆனால் டேவிட் டான்ஸ், லீஸ் வெஸ்டர்லண்ட், அலிஸ்டேர் வில்சன் 2022-இல் காட்டியது வேடிக்கையானது: அந்த விதியின் பரிசுக் கணக்கை மக்களுக்கு விளக்கமாகச் சொன்னால்தான் பிழை கூடுகிறது, பதில்கள் நடுவை நோக்கிச் சரிகின்றன. விளக்காமல் "உண்மையைச் சொன்னால் உங்களுக்கு அதிகபட்ச வாய்ப்பு" என்று மட்டும் சொன்னால் நன்றாகவே சொல்கிறார்கள். பலரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். களத்தில், குறிப்பாகப் பள்ளி முடிக்காதவர்களிடம், சதவீதமே வேலைக்கு ஆகாது. பத்துப் புளியங்கொட்டையோ பீன்ஸ் விதையோ கொடுத்து, "பத்துப் பேரில் எத்தனை பேர்? இந்தத் தட்டில் எடுத்து வையுங்கள்" என்று கேளுங்கள். அதற்கு முன் ஒரு சோதனைக் கேள்வி போட வேண்டும்: "நாளை சந்தைக்குப் போவீர்களா? இரண்டு வாரத்துக்குள் போவீர்களா?" இரண்டாவதற்கு முதலாவதைவிடக் குறைவாக வைப்பவருக்கு விளையாட்டு புரியவில்லை, மறுபடி விளக்க வேண்டும்.

சாதி, பாலினம் போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: ஆள் தன் கணிப்பை ஒத்துக்கொள்ள மாட்டார், சில சமயம் அவருக்கே தெரியாது. இதற்கு உளவியலாளர்கள் 1998-இல் அறிமுகப்படுத்திய மறைமுகத் தொடர்புச் சோதனையைப் பொருளாதாரக்காரர்கள் கடன் வாங்கினார்கள். திரையில் சொற்கள் வரும். ஒரு சுற்றில் 'ஆண்' பெயருக்கும் 'அறிவியல்' சொல்லுக்கும் ஒரே பொத்தான், அடுத்த சுற்றில் 'பெண்' பெயருக்கும் 'அறிவியல்' சொல்லுக்கும் ஒரே பொத்தான். எந்தச் சேர்க்கையில் விரல் தடுமாறுகிறது என்பதை மில்லி வினாடியில் அளந்து, நேர வித்தியாசத்தை அந்த நபரின் திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வகுப்பார்கள். 10 வினாடிக்கு மேல் எடுத்த பதில்களை நீக்குவார்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் 300 மில்லி வினாடிக்குள் தட்டியவர் கண்மூடித் தட்டுகிறார் என்று அவரையே நீக்குவார்கள். ஒரே ஆளை இரண்டு முறை சோதித்தால் எண் வெகுவாக மாறும் என்பது இதன் பலவீனம். அதனால் ஒரு தனி மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இதைப் பயன்படுத்தக் கூடாது. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரிப் போக்குக்கு மட்டும் சரி.

இந்தக் கருவியை ஒரு தொழில்வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவர் மிகேலா கார்லானா. மிலானின் போக்கோனியில் முனைவர் பட்டம், பிறகு ஹார்வர்டின் கென்னடி பள்ளி. 2019-இல் வந்த அவருடைய கட்டுரையைத் துறைக்கு வருகிற எவரும் வரிவரியாகப் படிக்க வேண்டும், முடிவுக்காக மட்டுமல்ல, அமைப்புக்காக. இத்தாலியில் நடுநிலைப்பள்ளி மூன்று வருடம். அதே மாணவர்கள் அதே வகுப்பில் தொடர்வார்கள். முடிவில் மூன்று வகை மேல்நிலைப் பள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆய்வின் காலத்தில் நாடு முழுக்க ஒரே தேர்வு 6-ஆம் வகுப்பிலும் 8-ஆம் வகுப்பிலும் நடந்தது. ஆக, ஆசிரியர் கைபடாத மதிப்பெண் முன்னும் பின்னும் கிடைத்தது. கார்லானா வட இத்தாலியப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறைமுகத் தொடர்புச் சோதனை வைத்து, அந்த எண்ணை மாணவர் மதிப்பெண்ணோடு இணைத்தார். பாலின முத்திரை அதிகமுள்ள கணித ஆசிரியரிடம் படித்த பெண் பிள்ளைகள் கணிதத்தில் பின்தங்கினார்கள், தங்கள் கணிதத் திறமை பற்றிய தன்னம்பிக்கை குறைந்தது, ஆசிரியர் பரிந்துரைப்படி எளிய வகைப் பள்ளிக்குப் போனார்கள். பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே பள்ளிக்குள் எந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் என்பது பிள்ளையின் திறமையைப் பார்த்து முடிவாகவில்லை என்று அட்டவணை அட்டவணையாகக் காட்டுவதில்தான் கட்டுரையின் பாதி உழைப்பு போயிருக்கிறது. கட்டுரையை மதிப்பிடும் இதழ் நடுவர்கள் அடிக்கும் இடம் அதுதான்.

பிறகு அல்பெர்த்தோ அலெசினா, எலியானா லா ஃபெராரா, பாவ்லோ பினோட்டி ஆகியோருடன் சேர்ந்து, ஆசிரியர்களுக்கு அவர்களுடைய சொந்தச் சோதனை முடிவையே காட்டினார்: சிலருக்கு அரையாண்டு மதிப்பெண் போடும் முன்பு, சிலருக்குப் பின்பு. முன்பே பார்த்தவர்கள் குடியேறியவர் பிள்ளைகளுக்குச் சற்று அதிக மதிப்பெண் போட்டார்கள். தகவல் யாருக்கு என்பதை அல்ல, எப்போது என்பதைக் குலுக்கலில் விட்ட இந்த உத்தி சிக்கனமானது. கடைசியில் எல்லாருக்கும் முடிவைச் சொல்லிவிடுகிறோம், எவரையும் இருட்டில் வைக்கவில்லை என்று நெறிமுறைக் குழுவிடமும் சொல்லலாம்.

கோட்டும் லௌரியும் தாளில் எழுதிய 'தானே மெய்யாகும் கணிப்பை'க் களத்தில் காட்டியது டிலன் குளோவர், அமாண்டா பாலே, வில்லியம் பாரியென்ட் மூவரும் பிரெஞ்சு மளிகைக் கடைகளில் செய்த ஆய்வு (2017). பில் போடும் கவுன்டரில் ஒப்பந்த ஊழியர்கள். ஷிப்ட் அட்டவணையை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அதனால் இன்று எந்த மேலாளர் என்பது ஏறக்குறையக் குலுக்கல் மாதிரி. மேலாளர்களுக்கு மறைமுகச் சோதனை. முத்திரை கூடிய மேலாளர் இருக்கும் நாட்களில் வட ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க வம்சாவளி ஊழியர்கள் அதிகம் விடுப்பு எடுத்தார்கள், பொருள் ஸ்கேன் செய்யும் வேகம் குறைந்தது. அந்த மேலாளர் திட்டினாரா? இல்லை. அவர்களோடு குறைவாகப் பேசினார், கவனிக்காமல் விட்டார், அவ்வளவே. கடை ஏற்கெனவே ஸ்கேனரில் பதிவாகும் நொடிகளை எடுத்து ஆராய்ந்ததுதான் இதன் அழகு. கேள்வித்தாளை நம்பாமல், வேறு காரணத்துக்காகச் சேகரிக்கப்பட்ட எண்ணைத் தேடுங்கள் என்பது இதிலிருந்து கற்க வேண்டியது.

இந்தியாவிலும் தரமான களம் உண்டு. மேற்கு வங்கத்தில் பெண்களுக்கான ஊராட்சித் தலைவர் இடஒதுக்கீடு சுழற்சி முறையில் எந்த ஊருக்கு விழும் என்பது முன்கூட்டித் தெரியாது. இதை லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் பயன்படுத்தினார்கள் (2009). ஊர்க்காரர்களுக்கு ஒரே அரசியல் உரையை ஆண் குரலில் அல்லது பெண் குரலில் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பெண் தலைவரைப் பார்த்துப் பழகிய ஊர்களில், பெண்ணின் திறமை பற்றிய ஆண்களின் மதிப்பீட்டில் இருந்த இடைவெளி மறைந்தது. ஆனால் "தலைவராக ஆண் இருப்பதுதான் பிடிக்கும்" என்ற விருப்பம் அசையவில்லை. கணிப்பு வேறு, விருப்பம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

எதிர்பாராத முடிவுக்கும் தயாராக இருங்கள். ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் குழந்தைகளின் விடைத்தாள் முகப்பில் சாதி, பாலினம், வயதைக் குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள் (2012). தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாளுக்கு 0.03 முதல் 0.08 திட்ட விலக்கம் வரை மதிப்பெண் குறைந்தது. ஆனால் குறைத்தது உயர்சாதி ஆசிரியர்கள் அல்ல, தாழ்த்தப்பட்ட சாதி ஆசிரியர்களே. முத்திரை குத்தப்பட்டவரும் அதே முத்திரையைக் கையில் எடுக்கலாம். இப்படி ஒரு முடிவு வந்தால் அதை அப்படியே எழுதும் துணிவு வேண்டும்; அதைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

சரியான எண்ணைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ரியாத்தில் லியோனார்டோ பர்ஸ்டின், அலெஸாண்ட்ரா கொன்சாலஸ், டேவிட் யனகிசாவா-ட்ராட் செய்த ஆய்வில் (2020) வேலை செய்தது. திருமணமான இளைஞர்களில் பெரும்பாலோர் பெண்கள் வெளியே வேலைக்குப் போவதைத் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் மற்ற ஆண்கள் எதிர்ப்பார்கள் என்று கணித்தார்கள். உண்மை எண்ணைச் சொன்னதும், மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவுசெய்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 32-ஆக உயர்ந்தார்கள். மாறாக, இலியானா குசியெம்கோ, மைக்கேல் நார்ட்டன், இமானுவேல் சயஸ், ஸ்டெஃபனி ஸ்டாஞ்சேவா 2015-இல் அமெரிக்கர்களுக்கு வருமான ஏற்றத்தாழ்வின் உண்மை அளவைக் காட்டியபோது, "பிரச்சினை பெரிது" என்ற எண்ணம் வெகுவாகக் கூடியது, ஆனால் வரிக்கொள்கை பற்றிய கருத்து, வாரிசுச் சொத்து வரி தவிர, பெரிதாக அசையவில்லை. முதலாவதில் ஒரே ஒரு தப்புக் கணிப்புதான் கையைக் கட்டியிருந்தது. இரண்டாவதில் அரசின் மீதான அவநம்பிக்கை போன்ற வேறு கட்டுகளும் இருந்தன.

இப்போது தொழில்வாழ்க்கை. அமெரிக்காவில் முனைவர் பட்டம் 5 முதல் 6 வருடம், நல்ல துறைகளில் கட்டணமில்லை, உதவித்தொகை உண்டு. டிசம்பரில் விண்ணப்பம், பிப்ரவரி-மார்ச்சில் பதில், ஏப்ரல் 15-க்குள் ஒப்புதல். சேர்க்கைக் குழு முதலில் பார்ப்பது கணிதம்: ரியல் அனாலிசிஸ், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு. சாதி பற்றிய உங்கள் ஆர்வம் அங்கே இரண்டாவது பத்தியில்தான் வரும். முதல் வருடம் நுண்பொருளியல், பேரியல், பொருளாதார அளவையியல் மூன்றும் நசுக்கும். அதில் முத்திரையும் இல்லை, மனிதரும் இல்லை. பலர் மனம் தளர்வது இங்கேதான். இரண்டாம் வருடம் நடத்தைப் பொருளாதாரம், தொழிலாளர், வளர்ச்சி போன்றவற்றில் இரண்டு துறைகள். மூன்றாம் வருடம் முதல் ஒரே வேலை: வேலைச்சந்தைக் கட்டுரை, அதாவது வேலை தேடும்போது காட்டும் உங்கள் முதன்மை ஆய்வு. கடைசி வருடம் செப்டம்பரிலிருந்து விளம்பரங்கள், நவம்பர் நடுவில் விண்ணப்பம், டிசம்பர்-ஜனவரியில் வீடியோ நேர்காணல், பிறகு நேரில் அழைத்து ஒன்றரை மணிநேரம் உரை. அந்த உரையின் முதல் பத்து நிமிடத்திலேயே "வெறுப்பையும் கணிப்பையும் எப்படிப் பிரித்தாய்?" என்று யாராவது குறுக்கிடுவார்கள். ஐந்தாவது ஸ்லைடில் பதில் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமைப்பு அங்கேயே புரிய வேண்டும்.

வேலை கிடைத்தபின் நிரந்தரப் பதவிக்குப் பெரும்பாலும் 6 அல்லது 7 வருடம். களச்சோதனை செய்பவர்களை இந்தக் கடிகாரம்தான் கொல்கிறது. மூன்றாம் வருடம் ஒரு பள்ளித் திட்டம் தொடங்கினால்: அனுமதியும் நிதியும் ஒரு வருடம், களம் ஒரு வருடம், எழுத ஒரு வருடம், முதல் ஐந்து இதழ்களில் நடுவர் சுற்று இரண்டு வருடம். எட்டாம் வருடம் ஆகிவிட்டது. வெளி மதிப்புரைக் கடிதங்கள் ஆறாம் வருடமே கேட்கப்பட்டாயிற்று. ஆகவே அனுபவசாலிகள் ஒரு நீண்ட களத்திட்டத்தோடு, ஆறு மாதத்தில் முடியும் ஆன்லைன் சோதனை ஒன்று, ஏற்கெனவே உள்ள தரவில் ஒன்று என்று மூன்று அடுப்பில் வைத்திருப்பார்கள். கூட்டாகக் கட்டுரை எழுதினால் வேகம். ஆனால் ஹெதர் சார்சன்ஸும் சகாக்களும் 2021-இல் காட்டியபடி, ஆண்களோடு சேர்ந்து எழுதிய பெண் பொருளாதார அறிஞர்களுக்கு நிரந்தரப் பதவி முடிவில் குறைந்த மதிப்பே கிடைக்கிறது. முத்திரையை ஆராயும் துறைக்கும் முத்திரை உண்டு.

பாதை ஒன்றல்ல. ஸ்டாஞ்சேவா எம்.ஐ.டி.யில் 2014-இல் பட்டம் பெற்றது வரிக் கோட்பாட்டில்; பிறகுதான் மக்கள் வரியை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பெரிய கணக்கெடுப்புகளுக்கு வந்தார், 2025-இல் கிளார்க் பதக்கம் (அமெரிக்காவில் 40 வயதுக்குட்பட்ட பொருளாதார அறிஞருக்குத் தரப்படுவது). அஸ்வினி தேஷ்பாண்டே பன்னாட்டுக் கடனில் தொடங்கி, சாதிப் பாகுபாட்டின் பொருளாதாரத்துக்கு வந்தார். கணிதத் திறமையை முதலில் நிரூபித்துவிட்டுப் பிடித்த கேள்விக்கு வருவது கோழைத்தனமல்ல, நல்ல உத்தி.

மாதிரி அளவில் ஏமாறுபவர்கள் மிக அதிகம். இந்தத் துறையில் விளைவுகள் சிறியவை. இரண்டு குழு, 0.2 திட்ட விலக்க விளைவு, 80 சதவீதத் திறன் (இருக்கும் விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத முக்கியத்துவ நிலை (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்றால் குழுவுக்குச் சுமார் 393 பேர். விளைவு 0.1 என்றால் நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 1,570. இதுவும் தனி ஆட்களைக் குலுக்கினால்தான். வகுப்பறையாகக் குலுக்கினால் 1 + (வகுப்பு அளவு − 1) × உள்வகுப்புத் தொடர்பு (ஒரே வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற எண்) என்று பெருக்க வேண்டும். வகுப்புக்கு 30 பேர், தொடர்பு 0.1 என்றால் 3.9 மடங்கு: 393 பேர் 1,533 ஆகிவிடும், அதாவது ஒரு பக்கத்துக்கு 51 வகுப்புகள். இருபது வகுப்புகளோடு திரும்பி வந்து "விளைவு இல்லை" என்று எழுதினால், உண்மையில் உங்களிடம் இருப்பது "தெரியவில்லை" மட்டுமே.

அடுத்த பள்ளம், ஆய்வாளர் விரும்பும் பதிலைச் சொல்வது. "மற்றவர்கள் சமமாகத்தான் நடத்துகிறார்கள்" என்று ஒரு தகவலைக் காட்டிவிட்டு அடுத்த நிமிடமே கருத்தைக் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். தகவலுக்கு முன் கணிப்பை ஒரு முறை, பின் ஒரு முறை, பிறகு சில வாரம் கழித்து வேறு பெயரில் தொடர்பில்லாததுபோல ஒரு கணக்கெடுப்பில் இன்னொரு முறை என்று மூன்று தடவை எடுப்பது இப்போது வழக்கம். கேள்வி வரிசையும் ஆளைக் கவிழ்க்கும்: அலெசினா, அர்மாண்டோ மியானோ, ஸ்டாஞ்சேவா ஆய்வில் குடியேறியவர்கள் பற்றிய கேள்விகளை முதலில் வைத்தாலே போதும், ஏழைகளுக்கான மறுபங்கீட்டுக்கு ஆதரவு குறைந்தது. அதனால் வரிசையையும் குலுக்கலில் விடுங்கள். கருதுகோள்களை 2013 முதல் இயங்கும் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் பதிவேட்டில் களத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். பின்னால் "சாதியில் இல்லை, வயதில் இருக்கிறது" என்று கதை மாற்றும் ஆசை எல்லாருக்கும் வரும்.

சாதியை உரக்கச் சொல்லும் சோதனைகளில் தனிக் கவனம் தேவை. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்தில் பையன்களுக்குப் புதிர்வழிகளைக் கொடுத்து, ஒன்றுக்கு ஒரு ரூபாய் தந்தார்கள். சாதி தெரியாதபோது தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் சமமாகத் தீர்த்தார்கள். பெயரும் சாதியும் எல்லார் முன்னும் அறிவிக்கப்பட்டபோது இடைவெளி திறந்துகொண்டது. முக்கியமான முடிவு. ஆனால் இன்று அதே அமைப்பை ஒரு நெறிமுறைக் குழு முன் வைத்தால், அந்தப் பையன் வீட்டுக்குப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போகிறான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தயாராக இருக்க வேண்டும்.

நீங்கள் இப்போது எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நேராக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதைவிட, இடையில் ஒன்று அல்லது இரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக இருப்பது இப்போது பொதுவழி. பரிந்துரைக் கடிதம் அங்கிருந்துதான் வருகிறது. 2007-இல் சென்னை ஐ.எஃப்.எம்.ஆர். கல்வி நிறுவனத்தில் தொடங்கப்பட்ட, வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் களத்தில் சோதிக்கும் ஜே-பால் தெற்காசியா போன்ற அமைப்புகள் இப்படி ஆட்களை எடுக்கின்றன. அவர்கள் நேர்காணலில் கோட்பாடு கேட்பது குறைவு. ஸ்டாட்டா அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் அழுக்குத் தரவு ஒன்றைக் கொடுத்து, ஒரே வீட்டு எண் இரண்டு முறை வந்திருப்பதைக் கண்டுபிடிக்கிறீர்களா, கணக்கெடுப்பாளர் ஒருவர் மட்டும் எல்லா நேர்காணலையும் எட்டு நிமிடத்தில் முடித்திருப்பதைக் கவனிக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இந்த அரையாண்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதலாண்டு மாணவர்கள் 60 பேரிடம், சென்ற வருடத் தேர்வில் மாணவர், மாணவியர் சராசரி என்னவாக இருந்திருக்கும் என்று வர்க்க விதிப்படி சிறு பரிசோடு கேளுங்கள். துறைத் தலைவரின் அனுமதியோடு உண்மைச் சராசரியை வாங்குங்கள், தனிப்பட்ட பெயர்கள் வேண்டாம். கணிப்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது, எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்று ஒரே வரைபடத்தில் போடுங்கள். பரிசுச் செலவு நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். விண்ணப்பத்தோடு அனுப்ப அந்த ஒரு பக்கம் போதும்.